ஒரு வார நோட்டீஸ்

ஆகஸ்ட் 1, வியாழன்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இது அண்ணாச்சி கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது, அட்டையில் நெல்லையப்பர் கோபுரம் போட்டது. இதுவரை சிலிண்டர் வந்த தேதியும் மகள் சிவகாமியின் ஸ்கூல் மீட்டிங் தேதியும்தான் இதில் இருக்கின்றன. இன்றிலிருந்து ஒழுங்காக எழுதப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜங்ஷனில் ஒரு நகைக்கடையில் சேர்ந்தேன். புரொபேஷன் முடிகிற நேரத்தில் ஒரு நாள், "நாளைக்கு வர வேண்டாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டால், அடிக்கடி லேட்டாக வருகிறேனாம். நான் ஒரு நாளும் லேட்டாகப் போனவள் இல்லை. ஆனால் அதைச் சொல்ல என் கையில் எதுவும் இல்லை. எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். சிவகாமி அப்பா திருவனந்தபுரத்து லாட்ஜ் வேலையில் அனுப்புவதை வைத்து ஓட்டினேன். கொழுந்தன் பெண்டாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "லீவா மைனி?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதனால் இந்தத் தடவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

இன்று புதுக்கடையில் சேர்ந்தேன். வண்ணாரப்பேட்டையில் ஆறு மாடி ஜவுளிக்கடை, எனக்கு இரண்டாவது மாடியில் பட்டு. மேனேஜர் பெயர் கோமதிநாயகம். மூன்று மாதம் புரொபேஷன். அதற்குள் ஒரு வார நோட்டீஸ் கொடுத்து அவர்கள் என்னை அனுப்பலாம், நானும் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தரமான பிறகு ஒரு மாத நோட்டீஸ்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தாம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு என்னை மாதிரி ஆயிரம் வடிவு கிடைப்பார்கள். எனக்கு எத்தனை கடை கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். மூன்று மாதம் முடிகிற நாள் அக்டோபர் 31. அன்றைக்குத் தீபாவளி. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஆள் வேண்டும், அது முடிந்தால் வேண்டாம். சும்மா இல்லை, கணக்குப் போட்டுத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அண்ணாச்சி கடையை நான் விடவில்லை. மருத்துவ லீவில் இருக்கிறேன்.

டவுன் கீழ ரத வீதியில் இருக்கிற சின்னச் சேலைக்கடை அது. எட்டு மாதம் வீட்டில் கிடந்தவளை ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் கூப்பிட்டு, பில் போடும் நாற்காலியில் உட்கார வைத்தார். புரொபேஷனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "நாளைக்கே வா" என்றார். அவ்வளவுதான். ஆனால் பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. சிவகாமி அடுத்த வருஷம் காலேஜ் போக வேண்டும்.

அங்கே விலகுவதற்கு ஒரே ஒரு வழக்கம்தான். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு, நம் இடத்துக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்து, வேலை பழக்கிவிட்டுப் போக வேண்டும். "ஆளைக் காட்டிட்டுப் போ" என்பார் அண்ணாச்சி. புதுக்கடையோ உடனே வா என்கிறது. அதனால் சிறுநீரகத்தில் கல், டாக்டர் இரண்டு மூன்று மாதம் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்றேன். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது.

"ஒடம்பப் பாரு வடிவு. நாற்காலி எங்கயும் ஓடிப் போவாது."

தற்காலிகமாக யாரோ ஒரு பெண்ணை அதில் உட்கார வைத்திருக்கிறாராம். இங்கே நிரந்தரமானதும் முறைப்படி சொல்லிவிடுவேன். இது ஏமாற்று வேலை இல்லை. அடிபட்டவள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கிறேன், அவ்வளவுதான். அண்ணாச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை கடை லீவு, அன்றைக்கும் வீட்டை விட்டு நகர மாட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என் பக்கத்துக் கவுண்டர் நூர்ஜஹான், மேலப்பாளையத்துக்காரி. நன்றாகப் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் நான் தள்ளி நிற்பேன். முன்னால் எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டாள். வீட்டில் இருந்தேன் என்றேன்.

"சேலை மடிக்கதப் பாத்தா வீட்ல இருந்த கை மாதிரித் தெரியலயே" என்றாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அவள் தம்பி டவுனில் ஆட்டோ ஓட்டுவதாகச் சொன்னாள். அதை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 14, புதன்

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கட்டு வாழைத்தண்டு. கீழ் வீட்டு ஓனரம்மா எடுத்து வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கொடுத்துவிட்டாராம், கல்லுக்கு நல்லது என்று. கடையிலிருந்து ஒரு பெண் கொண்டு வந்தாளாம்.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா. வேலைக்குப் போயிருக்கான்னேன்."

"எங்கன்னு கேட்டாளா?"

"ஏட்டி, அதெல்லாம் எனக்கு நெனப்பில்ல. காப்பி குடுத்தேன். குடிச்சிட்டுப் போனா. நல்ல பிள்ள."

ஓனரம்மா காப்பி கொடுத்தால் கூடவே ஊர்க்கதை எல்லாம் கொடுப்பார்கள். இனி அண்ணாச்சி போன் எப்போது வருமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன். வாழைத்தண்டு அனுப்பினது அக்கறையா, ஆள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்க்கவா? பொரியல் வைத்தேன். சிவகாமி தொடவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி முடிந்தது. கால் வீங்கிக் கிடக்கிறது. நாளைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி போனும் வரவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று கோமதிநாயகம் சார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் கவுண்டருக்குப் பின்னால் போட்டார்.

"ஆள் இல்லாதப்ப உக்காந்துக்கோங்கம்மா."

வேறு யாருக்கும் போடவில்லை. நூர்ஜஹானுக்கு இல்லை, எதிர்க் கவுண்டர் பிள்ளைகளுக்கும் இல்லை. எனக்கு மட்டும். எதிர்த் தூணில் கேமரா இருக்கிறது. நான் உட்கார்ந்தால் அது அப்படியே பிடித்துக்கொள்ளும். நாளைக்கு, "எப்பப் பாத்தாலும் உக்காந்தே இருக்கா" என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரம் வேண்டுமே. நகைக்கடையில் பாடம் படித்தவள் நான். நன்றி சார் என்றேன். உட்காரவில்லை.

சாயங்காலம் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். பச்சைக் குடை. பட்டு வேண்டும் என்றாள், என்ன பட்டு என்று தெரியவில்லை. சேலையைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். எதுவும் எடுக்காமல் போனாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பச்சைக் குடை மறுபடியும் வந்தாள். எடுக்கவில்லை.

பெரிய கடைகளில் கஸ்டமர் வேஷத்தில் ஆள் அனுப்பி, நாம் எப்படிப் பேசுகிறோம் என்று சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புரொபேஷனில் இருக்கிறவர்களைத்தானே சோதிப்பார்கள்?

செப்டம்பர் 3, செவ்வாய்

அவளேதான். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். அலமாரியில் இருந்த சாஃப்ட் சில்க் முழுவதையும் இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக் காட்டினேன். "எடுக்காட்டாலும் பரவால்ல, கண்ணால பாருங்க" என்று தேன் சொட்டப் பேசினேன். அவள் பாவம் போல, "போதும்க்கா, போதும்க்கா" என்றாள். போனபிறகு மடித்து அடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நூர்ஜஹானும் கூட மடித்தாள். "ஒனக்கு என்ன கிறுக்கா? அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியல, வாங்கவா வந்திருக்கா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். அல்லது, எல்லாம் தெரிந்துதான் பேசுகிறாளோ.

செப்டம்பர் 10, செவ்வாய்

பச்சைக் குடை இன்று சேலையே கேட்கவில்லை. காட்டன் பக்கம் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, "கால் வலிக்கலையாக்கா? ஸ்டூல்தான் இருக்கே, உக்காரலாம்லா?" என்றாள்.

சந்தேகமே இல்லை. ஸ்டூல் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? சரி, கண்ணுக்கு எதிரே கிடக்கிறது, யாருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாளா ஒரு கஸ்டமர்?

"எனக்கு நிக்கதுதாம்மா பழக்கம்" என்றேன், கேமராவுக்கும் கேட்கிற மாதிரி.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் அண்ணாச்சி போன். கல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன்? "நெல்லிக்கா அளவு" என்று வாயில் வந்துவிட்டது. "யாத்தே, அப்ப ஆபரேசன்தானே?" என்றார். இல்லை அண்ணாச்சி, கரைகிறது என்றேன். சிவகாமி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்லை மில்லிமீட்டரில் சொல்வார்களாம்.

பிறகு அவள் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "நீ ரெண்டு கடைய வச்சிருக்க. ஒண்ணுலயும் நிம்மதியா இல்லியேம்மா."

படிக்கிற வேலையைப் பார் என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

முதல் மாடியில் ஒரு பிள்ளைக்கு ஒரு வார நோட்டீஸ். அவளும் ஆகஸ்டில் சேர்ந்தவள். நூர்ஜஹான்தான் சொன்னாள். சாயங்காலம் விசாரித்தால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவளாகவே நோட்டீஸ் கொடுத்திருக்கிறாள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். லட்டு எல்லாம் சரி. கடைசியில் வெளியே போவது யார்? புரொபேஷன் ஆள்தானே.

பச்சைக் குடை இன்றும் வந்தாள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட்டம் இல்லாத நேரம். பச்சைக் குடை நேராக என்னிடம் வந்தாள்.

"நான் சேல வாங்க வரலக்கா. நான் ஜெசிந்தா. டவுன்ல, அண்ணாச்சி கடைல, ஒங்க நாற்காலில இருக்கேன்."

கையில் இருந்த சேலை நழுவிக் கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"வாழத்தண்டு கொண்டாந்தது நாந்தான். ஒங்க ஓனரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாவ. அன்னைக்கே தெரியும்."

"அண்ணாச்சிட்ட..."

"சொல்லல. சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? நீங்க இங்க நெலச்சிட்டா அந்த எடம் எனக்கு. ஒங்களுக்கு இங்க சரிப்பட்டு வருதா, திரும்பி வந்துருவீயளான்னு பாக்கத்தான் லீவு அன்னைக்கெல்லாம் வந்தேன்."

செவ்வாய்க்கிழமை. எல்லாம் செவ்வாய்க்கிழமை. அண்ணாச்சி கடை லீவு. எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

அவள் மெதுவாகத்தான் பேசினாள். வடிவு வருகிறவரைக்கும்தான் வேலை, வந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்வேன் என்று அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருக்கிறார். இப்போது தூத்துக்குடியில் ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தங்க ரூம் உண்டு, ஒன்றாம் வகுப்பு படிக்கிற பையனையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க வருவீயன்னா நான் தூத்துக்குடிக்குப் போயிருவேன். வரமாட்டீயன்னா இங்கயே இருந்துருவேன், எங்கம்மாவுக்கும் மேலுக்குச் சரியில்ல. ஒத்த வார்த்த சொல்லுங்கக்கா. போதும்."

கோமதிநாயகம் சார் படியேறி வருவது தெரிந்தது.

"வரமாட்டேன். நீ தைரியமா இரு. அண்ணாச்சிட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. போகும்போது குடையை மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 9, புதன்

பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். இனி அந்த நாற்காலி தனக்குத்தான் என்று தெரிந்துவிட்டால், அவள் எதற்காக என் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும்? அண்ணாச்சி மனம் குளிர ஒரு நாள் சொல்லி வைத்தால்? முப்பத்தொன்றாம் தேதி இங்கே என்னைப் போகச் சொன்னால்? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. மறுபடி "லீவா மைனி?"

கடைக்குள் நுழைவதற்கு முன்னால் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கல் போய்விட்டது, தீபாவளி கழிந்து வருகிறேன் என்றேன்.

"நெல்லையப்பன் கண்ணத் தொறந்துட்டான்! வா தாயி, வா."

இரண்டு பேருக்கு இரண்டு பதில் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளிடம் சொன்னது என் எண்ணம். அண்ணாச்சியிடம் சொன்னது ஓர் ஏற்பாடு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கத்தரிக்கோல், இஞ்ச் டேப், பில் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். ஸ்டூலுக்கும் யாரோ ஒரு பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி கடையில் இன்றைக்கு அவர் கையாலேயே சுண்டல் கட்டிக் கொடுப்பார்.

அக்டோபர் 15, செவ்வாய்

அவள் வரவில்லை. இனி எதற்கு வர வேண்டும்? தூத்துக்குடிக்குப் பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். என்ன சொன்னாளோ. அது என் விஷயம் இல்லை.

முறுக்கு மாவு அரைத்து வைத்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

தீபாவளிக் கூட்டம். மூச்சு விட நேரம் இல்லை. நடுவில் அண்ணாச்சி போன்.

"ஜெசிந்தாட்ட சொல்லிட்டேன் வடிவு. ஒரு வாரம், தீபாவளியோட சரின்னு. நம்ம வடிவு வாரேன்னு எப்பச் சொன்னான்னு மட்டும் கேட்டா. ஒம்பதாம் தேதியே சொல்லிட்டாளேன்னேன். அப்பதான் அழுதா. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. ஒரு சேல எடுத்துக் குடுத்தேன்."

"சரி அண்ணாச்சி."

"தூத்துக்குடில வேற ஏதோ வேல வந்திச்சாம். வேண்டாம்னுட்டாளாம். என்னத்துக்கோ."

சரி அண்ணாச்சி என்று மறுபடியும் சொன்னேன். கஸ்டமர் நிற்கிறார்கள் என்று வாய் வரை வந்துவிட்டது, முழுங்கினேன். இன்றைக்குப் பட்டில் அதிகம் விற்றது நான்தான். சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். ராத்திரிக்கு வைத்த இட்லி மாவு புளித்துவிட்டது. சிவகாமிக்கு பிரெட் வாங்கிக்கொண்டு போனேன்.

அக்டோபர் 30, புதன்

மத்தியானம் சார் கூப்பிட்டார். இந்த மூன்று மாதமும் நான் எழுதி வைத்ததெல்லாம் பைக்குள்தான் இருந்தது. ஒரு நாளும் லேட் இல்லை, ஒரு நாளும் உட்காரவில்லை, நாளும் நேரமும் காட்டத் தயாராகப் போனேன்.

"நாளையோட புரொபேஷன் முடியுது. ஒண்ணாந் தேதிலருந்து நீங்க நிரந்தரம்மா. போன வாரமே சொல்லிருப்பேன், கூட்டத்துல மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்டூல்ல ஏன் உக்காரவே இல்ல? வந்த மொத மாசம் ஒங்க காலு வீங்கிக் கெடந்ததப் பாத்துட்டுத்தான் போட்டேன். எல்லாருக்கும் வாங்கித் தாங்கன்னு எழுதிப் போட்டேன். அப்ப ஒண்ணுதான் வந்திச்சு."

நின்னே பழகிட்டு சார் என்றேன். கவுண்டருக்கு வந்து சொன்னதும் நூர்ஜஹான் கட்டிப் பிடித்தாள். அவள் தம்பி ஆட்டோவில் இறக்கிவிடச் சொல்லட்டுமா, பை கனமாக இருக்கிறதே என்றாள். மூன்று மாதமும் அதற்குத்தான் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் போல.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் இது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் டவுனுக்குப் போனேன். அண்ணாச்சி கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்து, மேலே புதுத் துண்டு விரித்து வைத்திருந்தார், எனக்காக.

நின்றுகொண்டே சொன்னேன். உடம்பு தாங்காது அண்ணாச்சி, ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் இதைச் சொன்னேன். அவர் நம்பினார். அவர் எதைத்தான் நம்பவில்லை?

"ஒன் பேச்ச நம்பித்தானே அந்தப் பிள்ளைய அனுப்பினேன். சரி, வழக்கம் தெரியும்லா. ஆளைக் காட்டிட்டுப் போ."

"ஜெசிந்தாவையே கூப்பிடுங்க அண்ணாச்சி."

எனக்கே நிச்சயம் இல்லை என்று அவளிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை. பாலத்தில் பஸ் நின்றபோது ஆற்றைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

கார்த்திகை முகூர்த்தத்துக்குப் புது ஆட்கள் எடுத்திருக்கிறார்கள். சார் ஒருத்தியை என் கவுண்டருக்குக் கூட்டி வந்தார்.

"வடிவு, இந்தப் பிள்ள ஒங்ககூட நிக்கட்டும். மூணு மாசம் புரொபேஷன். எப்படிப் பாக்கான்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

ஜெசிந்தா. கடை யூனிஃபார்ம் சேலை உடுத்தி, கையில் பச்சைக் குடையோடு நின்றாள்.

அண்ணாச்சி கூப்பிடவில்லையா? கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வரவில்லை. சேலை நன்றாக மடிக்கிறாள். கஸ்டமரிடம் பதமாகப் பேசுகிறாள். என்னிடம் தேவைக்குமேல் ஒரு சொல் இல்லை. அக்கா என்று கூப்பிட்டவள் இன்று முழுக்க என்னை மேடம் என்றாள்.

எதற்கு இங்கே வந்திருக்கிறாள்? ஊரில் வேறு கடையா இல்லை? என்னைப் பற்றி சாரிடம் சொல்லவா?

நவம்பர் 19, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி போன். ஜெசிந்தா எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்காலில என்னமோ தோஷம் இருக்கு வடிவு. ஜெசிந்தாவக் கூப்பிட்டேன்லா, வாரேன்னா, நாலு நாளு வந்தா. இப்பப் பாத்தா அவளுக்கும் கல்லாம். டாக்டரு மூணு மாசம் ஓய்வு சொல்லிட்டாராம்."

நான் எதிரே பார்த்தேன். அவள் டிபன் பாக்ஸில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"பாவம், சின்ன வயசு. வாழத்தண்டு குடுத்தனுப்பலாம்னு பாக்கேன். வீட்டுக்குப் போனா பூட்டியிருக்குன்னு கடைப் பையன் சொல்லுதான். அவ எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

அதே கல். வேறு வியாதி கிடைக்காமலா? அண்ணாச்சியிடம் இது செல்லும் என்று என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு வார நோட்டீஸில் போகச் சொன்ன கடையை அவள் இனி முழுசாக நம்ப மாட்டாள். இந்தக் கடையையும் நம்ப மாட்டாள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விடாமல் இருக்கிறாள். நான் இருந்த மாதிரியே.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். "வாழத்தண்ட எங்க வீட்ல குடுங்க. விசாரிச்சுக் குடுத்துருதேன்."

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "யாரு, டவுன் அண்ணாச்சியா மேடம்?"

"ஆமா."

டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

வாழைத்தண்டை நியூஸ் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். மறுபடி சுற்றிக் கவுண்டருக்கு அடியில் வைத்தாள்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அண்ணாச்சிட்டயும் சொல்ல மாட்டேன், சார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீ தைரியமா இரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, கடைசி வார்த்தையை இதே இடத்தில் நின்று இவளிடம் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அது தெரிந்தது. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் சார் கேட்டார், புதுப் பிள்ளை எப்படி என்று. நல்ல வேலைக்காரி, விட்டுவிடாதீர்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நான் சாரிடம் என்ன பேசுகிறேன் என்று அவள் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் சேலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையிலிருந்து நின்றே இருக்கிறாள். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டேன்.

"உக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

ஸ்டூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எதிர்த் தூணில் இருக்கிற கேமராவைப் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம். எனக்கு நிக்கதுதான் பழக்கம்."

நான் எதற்கு உட்காரச் சொல்கிறேன் என்று யோசிக்கிறாள். மூன்று மாதம் நானும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் எனக்கு அப்படி யோசிக்க இந்தக் கடையில் யாரும் காரணம் தரவில்லை. அவளுக்கு நான் தந்திருக்கிறேன்.